லட்டுப் பெட்டிக்குத் தடை, கடிகாரப் பெட்டிக்கு இல்லை: பரிசுத்தாள் குழப்பமும் வீட்டிலேயே கிடைக்கும் மாற்றும்

தீபாவளி நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடைவீதிகளில் இரண்டு காட்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் நகராட்சிக்காரர்கள் கடை கடையாக ஏறி பிளாஸ்டிக் பைகளைப் பறிமுதல் செய்கிறார்கள். நாலு கடை தள்ளி ஃபேன்சி ஸ்டோர் வாசலில் ஜிகினாத்தாள் சுருள் சுருளாகத் தொங்குகிறது. அதை யாரும் தொடுவதில்லை. பிளாஸ்டிக்குக்குத் தடை என்றால் இதற்கு மட்டும் ஏன் இல்லை? பேப்பர் என்பதால் விட்டுவிட்டார்களா? கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான். பதில்தான் கொஞ்சம் சுற்றுவழி. சட்டப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு விஷயம், அந்தத் தாளுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எது தடை, எது தடை இல்லை

1. மாநிலத் தடை. 2018 ஜூனில் அரசாணை வந்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், உறிஞ்சுகுழல், கொடி, தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் இதில் அடங்கும். தூக்குப்பை என்றால் எந்தத் தடிமனாக இருந்தாலும் தடைதான்.

2. மத்திய அரசின் தடை. 2021 ஆகஸ்டில் அறிவித்து, 2022 ஜூலை 1 முதல் அமலானது. பண்டிகைக்குச் சம்பந்தப்பட்ட பல சங்கதிகள் இதில் வருகின்றன: அலங்காரத்துக்கான தெர்மாகோல், பலூன் குச்சி, பிளாஸ்டிக் கொடி. அதோடு, இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பாக்கெட் இவற்றைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் படலம்.

3. இரண்டு பட்டியலிலும் 'பரிசுத்தாள்' என்ற பெயரே கிடையாது.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் கூத்து. ஒரே படலம், ஒரே கடை. உள்ளே லட்டு இருந்தால் மத்தியப் பட்டியலில் வரும். சுவர்க்கடிகாரம் இருந்தால் வராது. பட்டியல் போட்டுத் தடை செய்யும்போது இப்படி ஓட்டை விழுவது சகஜம். ஆகவே கடைக்காரர் ஜிகினாத்தாளை வெளியே தொங்கவிடுவது சட்டமீறல் இல்லை. அந்தத் தாள் நல்லது என்று அதற்குப் பொருளும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். கல்யாணத் தாம்பூலத்துக்கும் ஜவுளிக்கடை பரிசுகளுக்கும் கொடுக்கும், துணி மாதிரி சொரசொரப்பாக இருக்கும் பையைப் பலரும் துணிப்பை என்றே நினைக்கிறார்கள். அது நெய்யப்படாத பை. பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது, முழுக்கப் பிளாஸ்டிக். மாநிலத்தின் 14 பொருள்களில் அதுவும் ஒன்று. உற்றுப் பார்த்தால் ஊடும் பாவும் தெரியாது. குட்டிக் குட்டிப் புள்ளி அழுத்தங்கள்தான் தெரியும்.

அந்தத் தாளுக்குள் என்ன இருக்கிறது

'கிஃப்ட் பேப்பர்' என்று ஒரே பெயரில் விற்பது குறைந்தது மூன்று பொருள்கள்.

முதலாவது சாதாரணத் தாள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. இதில் பெரிய வம்பில்லை.

இரண்டாவது, தாளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. கல்யாணப் பத்திரிகைக்கு லேமினேஷன் போடுகிறார்களே, அதே வேலை.

மூன்றாவதுதான் கடைவாசலில் தொங்கும் ஜிகினாத்தாள். இதில் தாளே கிடையாது. பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் படலத்தின் மேல், காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். படலம் பெரும்பாலும் 12 முதல் 20 மைக்ரான் தடிமன். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் வரும். அதன் மேல் படிந்த அலுமினியமோ ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அவ்வளவு கொஞ்சம் உலோகத்தைப் பிரித்தெடுப்பது யாருக்கும் கட்டுபடியாகாது. சிப்ஸ் பாக்கெட்டின் உட்பக்கம் மின்னுவதும் இதே வேலையால்தான்.

பழைய தாள் ஆலைக்குப் போனதும் பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுக் கடைவார்கள். தாளில் இருக்கும் நார் பிரிந்து தோசைமாவுப் பதத்தில் கூழாகும். அதைச் சலித்து, மை நீக்கி, மறுபடி தாளாக்குகிறார்கள். நார் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குட்டையாகும் என்பதால் ஐந்திலிருந்து ஏழு தடவை வரைதான் இந்த விளையாட்டு ஓடும். பிளாஸ்டிக் படலம் அந்தத் தொட்டியில் கரையாது. சல்லடையில் சுருண்டு நிற்கும். செலோ டேப் இன்னும் தொந்தரவு. டேப் படலம் சல்லடையில் நின்றாலும் அதன் பசை துணுக்குத் துணுக்காகக் கூழோடு போய் உருளையில் ஒட்டும், புதுத் தாளில் ஓட்டையும் கறையுமாக வெளிவரும். ஒரு பெட்டிக்கு நாலு துண்டு டேப் போதும் என்ற இடத்தில் நாம் பதினாலு துண்டு ஒட்டுகிறோம்.

ஜிகினாத்தூள் தனிக் கேஸ். அலுமினியம் பூசிய பாலியஸ்டர் படலத்தைப் பொடிப்பொடியாக வெட்டியதுதான் பெரும்பாலும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்கை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். மற்றப் பிளாஸ்டிக்குகள் உடைந்து உடைந்துதான் அந்த நிலைக்கு வரும், இது கடையிலேயே அந்த நிலையில் விற்கிறது. கைவினை வேலைக்கான உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினாத்தூளின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் நிறுத்தியது. நம்மிடம் அப்படித் தடை இல்லை. பெருக்கினால் போகாது, ஒரு தடவை கொட்டினால் பொங்கல் வரை வீட்டில் மின்னிக்கொண்டே இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

கையிலிருப்பது எது என்று கண்டுபிடிக்க

1. கசக்குங்கள். ஒரு துண்டை உள்ளங்கையில் பந்தாக்கிக் கையைத் திறங்கள். அப்படியே கிடந்தால் அநேகமாகத் தாள். சரசரவென்று விரிந்து கொடுத்தால் படலம்.

2. கிழியுங்கள். தாளென்றால் கிழிந்த ஓரத்தில் பஞ்சு போல நார் தெரியும். லேமினேஷன் என்றால் தாள் கிழிந்த பிறகும் மேலே கண்ணாடித் தோல் ஒன்று இழுபட்டு நிற்கும்.

3. இரண்டிலும் சந்தேகம் தீரவில்லையா, ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் இரண்டு விரலால் தேயுங்கள். தாள் கூழாகக் கரைந்து போகும். படலம் மட்டும் பாம்பு உரித்த சட்டை மாதிரி, பூ அச்சு கலையாமல், விரலில் தொங்கும்.

இதையெல்லாம் விடச் சுலபமான சோதனை பழைய பேப்பர் கடை. எடைக்குப் போடும்போது கடைக்காரர் செய்தித்தாளைத் தராசில் வைத்துவிட்டு ஜிகினாத்தாளை உருவி ஓரமாகப் போடுவார். அவருக்கு மைக்ரான் கணக்கு தெரிய வேண்டியதில்லை. ஆலை எதைத் திருப்பி அனுப்பும் என்பது தெரியும்.

அவர் ஒதுக்கியது எங்கே போகிறது? குப்பைக்கு. கிராமத்தில் பாதி வெந்நீர் அடுப்புக்கு. திடக்கழிவு விதிகள்படி குப்பையை எரிப்பதே கூடாது. அதைத் தள்ளிவைத்தாலும், குளிக்கிற தண்ணீர் காயும் அடுப்பில் உட்கார்ந்து ஊதுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிதான். மை, பசை, பிளாஸ்டிக் எரிந்த புகை முதலில் அவர் மூச்சுக்குத்தான் போகும். கலவையில் பிவிசி இருந்துவிட்டால் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நச்சும் சேரும்.

இந்தப் பக்கத்தில் சும்மா கிடைப்பவை

மாற்று என்றதும் பலர் கடைக்குப் போய் 'இகோ' முத்திரை போட்ட புதுத்தாள் தேடுகிறார்கள். அதற்கு முன் பரணைப் பார்க்கலாம்.

மாம்பழப் பெட்டி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பெங்களூரா, அதாவது தோதாபுரி, கூழ் ஆலைக்கு லாரியில் கொட்டிப் போய்விடும். அதற்குப் பெட்டி கிடையாது. அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி மாதிரி நறுக்கிச் சாப்பிடும் ரகங்கள்தான் அட்டைப்பெட்டியில் வரும். கோடையில் வீட்டுக்கு வந்த பெட்டியைத் தட்டையாக்கி வைத்தால் தீபாவளிக்கு ஆகும். சாறு கசிந்த கறை இருந்தால் மட்டும் வேண்டாம். பரிசைப் பிரிக்கும் முன்னே எறும்பு பிரித்துவிடும்.

நெளி அட்டை என்பது மூன்று தாள்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் அலை அலையாக மடித்த ஒன்று. ஒட்டியிருப்பது பெரும்பாலும் மக்காச்சோள மாவுப் பசை. வெளித்தாளை ஈரத்துணியால் ஒற்றி ஐந்து நிமிடம் விட்டால் பசை இளகும். மூலையில் நகத்தால் நெம்பி, அலையின் போக்கிலேயே மெதுவாக இழுத்தால் மேல்தாள் கழன்று வரும். உள்ளே வரிசை வரிசையாக, உழுத சால் மாதிரி, பழுப்பு நெளிவு. அதை நிழலில் காயவைத்தால் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்காத ஒரு தாள் தயார். சில பெட்டிகள் ஈரம் தாங்கும் பசையில் ஒட்டியிருக்கும், உரியாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அடுத்ததை எடுங்கள். நெளிவுத்தாள் ஒரு பக்கமாகத்தான் வளையும் என்பதால் பாட்டில், டம்ளர், உருளை டப்பா இவற்றைச் சுற்ற மிகப் பொருத்தம். சதுரப் பெட்டிக்கு என்றால் மடிப்பு வரும் இடத்தில் ஸ்பூன் காம்பால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடிக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த உரிக்கிற வேலைகூட வேண்டாம். பசுமைக்குடில் ரோஜாக் கட்டுகளைச் சுற்றி இதே நெளிவுத்தாள்தான் வருகிறது. பூக்கடையில் கேட்டால் கிடைக்கும்.

மாதக் காலண்டர். பெரிய அளவுத் தாள், நல்ல கனம், வண்ண அச்சு. அந்த வழவழப்பு பெரும்பாலும் வெண்களிமண் பூச்சு. பிளாஸ்டிக் இல்லாததால் ஆலையில் கரையும். கசக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு சிக்கல், பாதிக் காலண்டரில் சாமி இருப்பார். அவரைக் கத்தரிக்கவும் மனசு வராது, அவர் மேல் டேப் ஒட்டவும் வராது. தேதி அச்சடித்த பக்கத்தை வெளியே வைத்து, பிறந்தநாள் விழும் மாதத்தைத் தேர்ந்தெடுத்துச் சுற்றுவது ஒரு வழி. 

செய்தித்தாள். தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மை கையில் ஒட்டும். வெள்ளைத் துணிப் பரிசென்றால் உள்ளே ஒரு வெற்றுத்தாள் வைத்துச் சுற்ற வேண்டும். எவ்வளவு தாள் தேவை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, ஒட்ட 3 சென்டிமீட்டர் சேர்த்தால் ஒரு பக்கம். பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் மறுபக்கம். 20 நீளம், 13 அகலம், 5 உயரம் உள்ள இனிப்புப் பெட்டிக்கு 39க்கு 28 சென்டிமீட்டர் போதும். தினசரியின் ஒரே ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. கண்ணால் அளந்து வெட்டுகிறவர்கள் இதைப்போல ஒன்றரைப் பங்கு வெட்டி, மிச்சத்தை உள்ளே மடித்துத் திணிக்கிறார்கள்.

பழைய சேலை. இதுதான் என் கட்சி. ஐந்தரை மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 65 சென்டிமீட்டர் சதுரமாக 8 துண்டு வரும். பக்கத்தில் மிஞ்சும் 45 சென்டிமீட்டர்ப் பட்டையில் சின்னச் சதுரம் 12. கிழிந்த இடத்தைத் தவிர்த்தாலும் பதினைந்துக்குக் குறையாது. துணியின் குறுக்களவு, அதாவது மூலைக்கு மூலை, பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால் கட்ட வசதி. 65 சதுரத்துக்குக் குறுக்களவு சுமார் 92, அதாவது 30 சென்டிமீட்டர்ப் பெட்டி வரை தாங்கும். துணியைச் சாய்சதுரமாக விரித்து, பெட்டியை நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகளை முடிச்சுப் போட வேண்டியதுதான். ஜப்பானில் இதற்கு ஃபுரோஷிகி என்று பெயர், காணொளிகளில் வகுப்பே நடக்கிறது. நம்மிடம் கட்டுச்சோற்று மூட்டைக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை.

சேலை இல்லாவிட்டால் தையல் கடை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மெஷினடியில் வெட்டுத்துணி முழங்கால் உயரம் கிடக்கும். அதில் பருத்தி எது, பாலியஸ்டர் எது என்று தெரிய ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாக இறுகும். இரண்டையுமே பரிசு கட்டப் பயன்படுத்தலாம். மண்ணில் மக்கும் என்று எண்ணி உரக்குழியில் பாலியஸ்டரைப் போடாமல் இருந்தால் சரி.

கட்டுவதற்கு வாழைநார், சணல், தேங்காய்நார்க் கயிறு, சேலைக் கரை எதுவும் ஆகும். வாழைநாரைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் முடிச்சு உடையாது. பூக்காரம்மாவைப் பார்த்தால் தெரியும். உச்சியில் ஒரு அலங்காரம் வேண்டுமென்றால், தருமபுரிப் பக்கம் பட்டுக்கூடு வளர்ப்பவர் யாரையாவது தெரிந்திருந்தால் நூற்பதற்கு ஆகாத கூடு நாலைந்து கேளுங்கள். கத்தரியால் இதழ் இதழாக வெட்டினால் தந்த நிறத்தில் பூ.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. இரண்டு ஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை மங்கிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். இரண்டு நாள் தாங்கும், அப்புறம் புளித்துவிடும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது விஷம், தின்பண்டப் பெட்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. மாவுப் பசை ஆலைத் தொட்டியில் தண்ணீரோடு கரைந்துவிடும் என்பதுதான் டேப்பை விட அதற்குள்ள மேன்மை. காய அரை மணி நேரம் பிடிக்கும். கிளம்பும் நேரத்தில் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் கயிற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தின்பண்டம் என்றால் வேறு கணக்கு

செய்தித்தாளில் இனிப்பு, முறுக்கு, நிப்பட்டு எதையும் நேராக வைக்கக் கூடாது. அச்சு மையில் இருக்கும் எண்ணெய்ச் சேர்மங்களும் நிறமிகளும் சூடான, எண்ணெய்ப் பசையுள்ள பண்டத்துக்குள் சுலபமாக இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே இதை எச்சரித்தது. 2018ஆம் ஆண்டு உணவுப் பொதிவு விதிமுறைகள் செய்தித்தாளில் உணவு கட்டுவதை வெளிப்படையாகவே விலக்கின. எண்ணெய் ஊறிய தாளைப் பழைய பேப்பர் கடையும் வாங்காது.

அப்புறம் ஐப்பசி மழை. அட்டைப்பெட்டிக்குள் வைத்த முறுக்கு இரண்டு நாளில் நமுத்துப் போகும். இந்த ஒரு இடத்தில் காகிதத்தை விட எவர்சில்வர் டப்பாவே மேல் என்பது என் அபிப்பிராயம். டப்பாவுக்கு மேல் சேலைத் துண்டு, அதற்கு மேல் ஒரு முடிச்சு.

புதிதாக வாங்கிய மஞ்சப்பை பசுமையா

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து பரிசுகளையும் புத்தம்புது துணிப்பையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. பருத்தி விளைய தண்ணீரும் உரமும் வேண்டும், நெய்யவும் சாயமிடவும் மின்சாரம் வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால் சாதாரணப் பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பையை விட அது மேல். தண்ணீர், ஓசோன் உட்பட எல்லா அளவுகோலையும் சேர்த்தால் 7,100 தடவை. அந்த நாட்டின் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தாது. அவர்கள் பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதையோ மாடு தின்பதையோ அதில் சேர்க்கவில்லை. ஆனாலும் போக்கு தெளிவு: பொருள் எது என்பதை விட, அது எத்தனை தடவை கை மாறுகிறது என்பதே முக்கியம். ஆணியில் தொங்கும் பதினேழு மஞ்சப்பைகள் எதையும் மிச்சப்படுத்துவதில்லை.

கை மாறும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று சொல்லித்தானே வளர்ந்தோம். தீபாவளிக்குப் போன டப்பா பொங்கலுக்கு அதிரசத்தோடு திரும்பி வரும். அதோடு துணியும் திரும்பினால் 52 ஒரு பெரிய எண்ணிக்கை இல்லை. கொடுக்கும்போதே "துணியைத் திருப்பிக் கொடுத்துடுங்கக்கா" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அவர்கள் அனுப்பும் பலகாரத்தை அதே துணியில் கட்டித் தரச் சொல்லிச் சிரித்தால் வேலை முடிந்தது.

ஏற்கெனவே வாங்கிவைத்த ஜிகினாத்தாள்

தூக்கிப் போட வேண்டாம். இன்று குப்பைக்குப் போனாலும் அடுத்த வருடம் போனாலும் அது கரையப் போவதில்லை. பயன்படுத்தும் வருடங்களைக் கூட்டுவதுதான் செய்யக்கூடியது. டேப் ஒட்டாமல் நூலால் மட்டும் கட்டுங்கள். பிரிக்கும்போது கிழியாது, நீவி மடித்தால் இன்னும் மூன்று பெட்டிக்கு வரும். மடிப்பு விழுந்து அழகு போனதும் கொலுப்படிக்கோ, பள்ளிக்கூடப் புராஜெக்டுக்கோ போகும். அதன் ஓரத்தில் வெட்டிய சின்னத் துண்டு ஒன்றைப் பழுப்பு மாம்பழ அட்டைப் பெட்டியின் நடுவில் ஒட்டிப் பாருங்கள், தாள் முழுக்கச் சுற்றியதை விட அந்த ஒரு விரலகலப் பளபளப்பு எடுப்பாகத் தெரியும்.